மலைக் குறும்பொசம்: பனிக்கு அடியில் உறங்கும் 45 கிராம் விலங்கு

நொச்சி எழுதியது:

சிறுவர் இதழ் ஒன்றுக்காக, ஆஸ்திரேலியாவின் தென்கிழக்குப் பனிமலைகளில் மட்டுமே வாழும் மலைக் குறும்பொசம் என்னும் ஒரு சிறு பைம்மாவைப் பற்றிக் கட்டுரை எழுத ஒப்புக்கொண்டேன். வயிற்றுப் பையில் குட்டியைச் சுமக்கும் பாலூட்டிகள் என்றால் நம் பிள்ளைகளுக்குக் கங்காருதான் தெரியும்; உள்ளங்கையில் அடங்குவதும், இரவில் மட்டும் நடமாடுவதும், ஆண்டில் பாதிக் காலத்தை உறங்கியே கழிப்பதுமான ஒன்றை அறிமுகப்படுத்தினால் நன்றாக இருக்கும் என்று எண்ணினேன். படிக்கப் படிக்கக் கேள்விகள்தான் பெருகின. அவற்றுள் மூன்றை இங்கே வைக்கிறேன். இந்த விலங்கு முதலில் புதைபடிவமாக அறியப்பட்டு, எழுபது ஆண்டுகளுக்குப் பின் உயிரோடு ஒரு சமையலறையில் பிடிபட்டது என்பது உண்மையா? ஒரே ஒரு வகை அந்துப்பூச்சியை நம்பித்தான் இது வாழ்கிறதா? மலையில் வாழும் இதைத் தாழ்நிலக் காட்டுக்குக் கொண்டுவர ஆய்வாளர்கள் முயல்வதாகப் படித்தேன். அது எந்த அடிப்படையில்?

மருதவாணன் (ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர்) எழுதியது:

முதலில் ஒரு வேண்டுகோள். "சுண்டெலி போன்ற" என்று கட்டுரையில் எழுதிவிடாதீர்கள், நொச்சி. தோற்றத்தில் எலியை நினைவூட்டுவது உண்மைதான். தலையும் உடலும் சேர்ந்து ஏறத்தாழ 11 செ.மீ., வால் அதைவிட நீளமாக ஏறத்தாழ 14 செ.மீ., எடை சராசரியாக 45 கிராம். ஆனால் எலிக்கும் இதற்கும் உறவு மிகத் தொலைவு. பிள்ளைகள் மனத்தில் ஒருமுறை "எலி" என்று பதிந்துவிட்டால் பிறகு அதை அழிப்பது கடினம். முப்பது ஆண்டுகள் வகுப்பெடுத்தவன் என்ற முறையில் சொல்கிறேன்.

புதைபடிவக் கதை உண்மை. 1895-இல் ராபர்ட் புரூம் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர், நியூ சவுத் வேல்ஸின் வொம்பியன் குகைகளுக்கு அருகே, எலும்புத் துண்டுகள் இறுகிக் கல்லாகிப்போன படிவு ஒன்றிலிருந்து சில சிறு தாடைகளைப் பிரித்தெடுத்தார். பிற்காலத்தில் தென்னாப்பிரிக்காவில் ஆதிமனித இனங்களின் மண்டையோடுகளைக் கண்டெடுத்துப் புகழ்பெற்றவரும் இவரேதான். அந்தத் தாடைகளில் அவர் கவனத்தை ஈர்த்தது முன்கடைவாய்ப் பல். மற்றப் பற்களை விடப் பெரியதாய், பக்கங்களில் செங்குத்தான வரிப்பள்ளங்களோடு, விளிம்பு ரம்பம் போல் பல்பல்லாக அமைந்த பல் அது. இன்று உயிரோடிருக்கும் விலங்கு கடினமான விதையின் ஓட்டையும் வண்டின் கவசத்தையும் உடைப்பது இந்தப் பல்லால்தான். புரூம் அதற்குப் பர்ராமிஸ் பார்வுஸ் என்று பெயரிட்டார். பார்வுஸ் என்றால் இலத்தீனில் சிறியது என்று பொருள். அழிந்துபோன விலங்கு என்றே அதன்பின் எல்லோரும் நம்பினார்கள்.

தமிழ் எழுத்து முறை பற்றியும் ஒரு சொல். இதன் ஆங்கிலப் பெயரில் உள்ள possum என்ற சொல்லைச் சிலர் "பாசம்" என்று எழுதுகிறார்கள். "மலைப் பாசம் அழிந்து வருகிறது" என்று தலைப்பிட்டால் படிப்பவர் குடும்பக் கதை என்று நினைத்துக்கொள்வார். "பொசம்" என்பதே குழப்பமில்லாதது. உருவத்தின் சிறுமை தெரியக் "குறும்பொசம்" எனலாம்.

மெல்பேர்ண் குகன் எழுதியது:

சமையலறைக் கதையும் உண்மைதான், ஐயா. 1966 ஆகஸ்டில், அதாவது இங்கே நடுக்குளிர்காலத்தில், விக்டோரியாவின் ஹோத்தம் மலையில் உள்ள ஒரு பனிச்சறுக்கு விடுதியில் அது பிடிபட்டது. எலி என்று எண்ணி அடித்துப் போடாமல், ஏதோ வேறுபாடு தெரிகிறதே என்று பிடித்து மெல்பேர்ணுக்கு அனுப்பினார்களே, அந்தக் கணத்தின் நிதானத்தை நான் பெரிதும் மதிக்கிறேன். பல்லைப் பார்த்ததும் இது புரூமின் விலங்கு என்று தெரிந்துவிட்டது. அடுத்த சில ஆண்டுகளில் நியூ சவுத் வேல்ஸின் கோசியஸ்கோ மலைப்பகுதியிலும் இவை அகப்பட்டன. விக்டோரியாவின் புல்லர் மலையில் ஒரு கூட்டம் இருப்பது 1996-இல்தான் தெரியவந்தது. ஒன்றோடொன்று தொடர்பில்லாத இந்த மூன்று மலைப்பகுதிகளைத் தவிர உலகில் வேறெங்கும் காட்டில் இவை இல்லை.

வாழிடம் என்றால் காடு என்று நினைத்துவிட வேண்டாம். பழங்காலத்தில் எரிமலைக் குழம்பு இறுகியதும் கருங்கல்லுமாக உள்ள மலைச்சரிவுகள் உறைபனியால் வெடித்து, ஆளுயரப் பாறைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவிந்து கிடக்கும் கற்குவியல்களே இவற்றின் வீடு. பாறைகளுக்கு இடையே பல மீட்டர் ஆழத்துக்கு இடுக்குகள் போகும். மேற்பரப்பில் மலை பிளம் பைன் என்னும் குட்டையான ஊசியிலைச் செடி பாறையைத் தழுவிப் படர்ந்திருக்கும். அதன் விதையும் சிவந்த சதைப்பகுதியும் இந்த விலங்குக்கு உணவு.

சில ஆண்டுகளுக்கு முன் ஜனவரி மாதத்தில் கோசியஸ்கோ மலைப்பகுதியில் நடந்தபோது, வழிகாட்டியாக வந்தவர் ஒரு பாறைப் பிளவைக் காட்டினார். உள்ளே சுவர் பழுப்பு நிறமாகத் தெரிந்தது. கண் பழகிய பிறகே அது பாறையன்று, நொச்சி கேட்ட அந்துப்பூச்சிகள், அதாவது பொகாங் அந்துப்பூச்சிகள் என்று புரிந்தது. முன்னாலிருக்கும் பூச்சியின் சிறகுக்குக் கீழே பின்னாலிருக்கும் பூச்சி தலையை நுழைத்துக்கொண்டு, நாட்டு ஓடு வேய்ந்த கூரை போல வரிசை வரிசையாக அமர்ந்திருந்தன. ஒரு சதுர மீட்டருக்கு 17,000 பூச்சிகள் வரை இருக்கும் என்று அவர் சொன்னபோது எனக்குச் சிறிதும் ஐயம் எழவில்லை. பிளவின் அடியில் உதிர்ந்த சிறகுகள் தூள்போலக் குவிந்திருந்தன. கையை வைத்தால் எண்ணெய்ப் பிசுக்கு ஒட்டியது.

இரவாடி எழுதியது:

அந்தப் பிசுக்கில்தான் இரண்டாம் கேள்விக்கான விடை இருக்கிறது. பொகாங் பூச்சியின் வயிற்றில், உலர்ந்த எடையில் பாதிக்கும் மேல் கொழுப்பு. பனி உருகி, ஆறேழு மாத உறக்கத்திலிருந்து எலும்பும் தோலுமாக எழும் விலங்குக்கு, அதே நேரத்தில் வாசலிலேயே வந்து இறங்கும் கொழுப்பு மூட்டை அது. நவம்பரில் குட்டிகள் பிறக்கின்றன. தாய்க்கு அப்போதுதான் பால் சுரக்க வேண்டும். ஆகவே "ஒரே பூச்சியை நம்பி வாழ்கிறது" என்பது ஆண்டு முழுமைக்கும் பொருந்தாது. வேனில் தொடக்கத்தில், குறிப்பாகத் தாய்மாருக்கு, மிகவும் பொருந்தும். கோடை முதிர்ந்ததும் விதை, கனி, வண்டு, சிலந்தி என்று உணவு விரிந்துவிடும்.

உறக்கத்தைப் பற்றி எழுதும்போது பனியைப் பகையாகக் காட்டிவிடாதீர்கள். உண்மையில் பனிதான் போர்வை. கற்குவியலின் மேல் ஒரு மீட்டர், இரண்டு மீட்டர் பனி மூடிவிட்டால், வெளியே எவ்வளவு குளிர்ந்தாலும் உள்ளே இடுக்குகளில் வெப்பநிலை உறைநிலைக்குச் சற்று மேலேயே நிற்கும். விலங்கு பந்துபோல் சுருண்டு, தன் உடல் வெப்பத்தை ஏறத்தாழ 2 பாகை செல்சியஸ் வரை தாழ்த்திக்கொண்டு, ஒரே மூச்சில் 20 நாள் வரைகூட அசையாமல் கிடக்கும். பிறகு சில மணி நேரம் விழித்து உடலைச் சூடேற்றி, சேர்த்து வைத்திருந்த விதைகளைக் கொஞ்சம் தின்றுவிட்டு மீண்டும் உறங்கும். இந்த விழிப்புகள்தான் செலவு மிகுந்தவை. குளிர்காலத்துக்கென்று சேர்த்த கொழுப்பில் பெரும்பங்கு இவற்றிலேயே கரைகிறது. பனி குறைந்த ஆண்டுகளில் குளிர் நேரடியாக இடுக்குக்குள் இறங்கிவிடுவதால், உடல் உறைந்துவிடாமல் காக்கவே விலங்கு கூடுதலாக எரிக்க வேண்டியிருக்கிறது. பனி முன்கூட்டியே உருகினாலோ, பூச்சிகள் வந்து சேர்வதற்கு முன்பே எழுந்து பசியோடு காத்திருக்க வேண்டியதாகிறது. வெப்பம் மிகுவதால் ஒரு விலங்கு குளிரில் வாடுவது விந்தையாகத் தோன்றும், ஆனால் நடப்பது அதுதான்.

இன்னொரு திருத்தம்: "ஆஸ்திரேலியாவில் குளிர்கால உறக்கம் கொள்ளும் ஒரே பாலூட்டி" என்று பல இடங்களில் எழுதியிருக்கிறார்கள். முட்டையிடும் முள்ளுடல் பாலூட்டியான எக்கிட்னாவும் உறங்கும். "பனிமலை உச்சிகளில் மட்டுமே வாழும் ஒரே ஆஸ்திரேலியப் பாலூட்டி" என்றால் சரி.

நொச்சி எழுதியது:

மூவருக்கும் நன்றி. "எலி" என்ற சொல்லை இரண்டு இடங்களில் எழுதியிருந்தேன், எடுத்துவிட்டேன். குட்டிகளைப் பற்றியும், ஆணும் பெண்ணும் தனித்தனி உயரங்களில் வாழ்வதாகச் சொல்லப்படுவதைப் பற்றியும் விரிவாக அறிய விரும்புகிறேன்.

மருதவாணன் எழுதியது:

கருக்காலம் இரண்டு வாரத்தை ஒட்டியது. பிறக்கும் குட்டி ஓர் அரிசி மணியைவிடச் சிறியது. பையில் இருப்பவை நான்கு காம்புகள். பிறப்பவை நான்குக்கும் அதிகம். முதலில் பற்றிக்கொள்ளும் நான்குதான் பிழைக்கும். ஒரு மாதம் காம்பைப் பற்றியபடி பைக்குள்ளும், அதன்பின் பாறை இடுக்கில் புல்லும் பாசியும் கொண்டு தாய் அமைத்த கூட்டிலும் வளர்ந்து, ஒன்பது பத்து வாரத்தில் தனித்து இரைதேடத் தொடங்குகின்றன. ஆண்டுக்கு ஒரே ஈற்றுதான். கோடை குறுகியது, முதல் ஈற்றுத் தவறினால் அந்த ஆண்டு போனதுதான்.

இவ்வளவு சிறிய உடல் கொண்ட விலங்கு ஓரிரு ஆண்டுகளே வாழும் என்று எதிர்பார்ப்போம். காட்டிலேயே பத்து ஆண்டுகளைத் தாண்டிய பெண் குறும்பொசங்கள் பதிவாகியுள்ளன. ஆண்டில் பாதி நாள் உயிரின் விளக்கைத் தணித்து வைத்திருப்பதால் எண்ணெய் அதிக நாள் வருகிறது போலும்.

மெல்பேர்ண் குகன் எழுதியது:

ஆண்-பெண் பிரிவு பற்றி நான் சொல்கிறேன். பூச்சி மிகுந்த உயரமான கற்குவியல்கள் பெண்களின் நிலம். தாயும் மகள்களும் அண்டை அயலாக அங்கேயே இருப்பார்கள். ஆண்கள் கீழ்ச்சரிவில், பூச்சி குறைந்த இடங்களில் வாழ்ந்து, வேனில் தொடக்கத்தில் இணைசேர மட்டும் மேலே ஏறி, பின் இறங்கிவிடுகின்றன. நல்ல நிலத்தைத் தாய்மாருக்கு விட்டுக்கொடுக்கும் இந்த ஏற்பாடு எவ்வளவு முக்கியமானது என்பது ஒரு சாலையால் தெரியவந்தது.

ஹோத்தம் மலைக்கு அருகில் உள்ள ஹிக்கின்போத்தம் மலையில், சாலையும் பனிச்சறுக்கு விடுதிக் கட்டடங்களும் கற்குவியலைக் குறுக்கே வெட்டிவிட்டன. கீழே இறங்க வழியில்லாத ஆண்கள் மேலேயே தங்கிவிட்டன. கோடை முடிவில் உணவுக்கும் இடத்துக்கும் நெருக்கடி ஏற்பட்டு, குளிர்காலத்தைத் தாண்டிப் பிழைக்கும் பெண்களின் அளவு குறைந்தது. 1980-களின் நடுவில் மான்செர்க், ஸ்காட்ஸ் என்ற இரு ஆய்வாளர்களின் முயற்சியால், சாலைக்கு அடியில் சுரங்கம் அமைத்து, அதன் உள்ளும் வெளியும் பாறைத்துண்டுகளை இயற்கைக் கற்குவியல் போலவே அடுக்கினார்கள். வெற்றுக் குழாயாக விட்டிருந்தால் இந்த விலங்கு நுழைந்திருக்காது. அதற்கு வேண்டியது திறந்த வழியன்று, இடுக்கு. ஆண்கள் விரைவிலேயே அந்த வழியாக இறங்கத் தொடங்கின. பெண்களின் பிழைப்பும் சாலையில்லாத பகுதிகளின் நிலைக்குத் திரும்பியது. அதைக் "காதல் சுரங்கம்" என்று செல்லமாக அழைக்கிறார்கள். பிரிந்துபோகும் வழி என்பதே பொருத்தம் என்று எனக்குத் தோன்றும்.

புல்லர் மலையில் சிக்கல் வேறு வகை. கண்டுபிடித்த சில ஆண்டுகளிலேயே அந்தக் கூட்டம் சில பத்துகளாகச் சுருங்கி, நெருங்கிய உறவுக்குள்ளேயே இனப்பெருக்கம் நடந்து, மரபணு வேறுபாடு வேகமாகக் குறைந்தது. 2011-இல் ஹோத்தம் பகுதியிலிருந்து சில ஆண்களைக் கொண்டுபோய் விட்டார்கள். கலப்பில் பிறந்தவை உடல் பெருத்தவையாகவும், அதிகக் குட்டி ஈன்றவையாகவும் இருந்தன, எண்ணிக்கை மீண்டது. உள்ளூர்த் தூய்மை கெட்டுவிடும் என்று தயங்கிக்கொண்டிருந்தால் இன்று அங்கே காப்பாற்ற ஒன்றும் இருந்திருக்காது.

பொன்வண்டு எழுதியது:

எல்லோரும் பொசத்தைப் பற்றியே பேசுவதால் பூச்சியின் சார்பில் நான் பேசுகிறேன். பொகாங் பூச்சி அக்ரோட்டிஸ் பேரினத்தைச் சேர்ந்தது. நம் உழவர்கள் இரவில் நாற்றின் அடித்தண்டை வெட்டிச் சாய்ப்பதாகக் குறைசொல்லும் வெட்டுப்புழு இதன் நெருங்கிய உறவுதான். ஆஸ்திரேலியாவிலும் இது குளிர்காலத்தில் தெற்குக் குயின்ஸ்லாந்து, மேற்கு நியூ சவுத் வேல்ஸ் சமவெளிகளின் மண்ணில் வெட்டுப்புழுவாக வளர்கிறது. வேனிலில் சிறகு முளைத்ததும், 1,000 கி.மீ. வரை இரவு இரவாகப் பறந்து, தான் ஒருபோதும் கண்டிராத மலைக்கு வந்துசேர்கிறது. கோடை முழுதும் குளிர்ந்த குகையில் செயலற்றுக் கிடந்து, இலையுதிர் காலத்தில் திரும்பிப் போய் முட்டையிட்டு மடிகிறது. வழிகாட்டப் பெற்றோரும் இல்லை, முன்னனுபவமும் இல்லை. இதற்குப் புவியின் காந்தப்புலம் உதவுகிறது என்பதை உயிரியலாளர் எரிக் வாரன்ட் குழுவினர் 2018-இல் காட்டினார்கள். விண்மீன்களையும் பார்த்துத் திசை அறிகிறது என்பதை 2025-இல் நிறுவினார்கள்.

அந்த மலைகளின் தொல்குடியினர் இந்தப் பூச்சிகளை உண்பதற்காகவே கோடையில் மலையேறிக் கூடினார்கள். குனாய்குர்னாய் மக்களின் நிலத்தில் உள்ள கிளாக்ஸ் குகையில் கிடைத்த, ஏறத்தாழ 2,000 ஆண்டுப் பழமையான அரைகல்லில் பொகாங் பூச்சியின் எச்சம் இருப்பதாக 2020-இல் ஆய்வு வெளியானது. அந்தப் பந்தியில் உட்கார்ந்தது பொசம் மட்டுமன்று.

2017 முதல் 2019 வரை நீடித்த கடும் வறட்சியில், புழு வளரும் சமவெளிகளில் பசுமை அற்றுப்போயிற்று. மலையில் ஆண்டுதோறும் பூச்சி மொய்த்த குகைகள் வெறுமையாகக் கிடந்தன. எண்ணிக்கை 99 விழுக்காட்டுக்கும் மேல் சரிந்ததாக மதிப்பிட்டார்கள். அந்த ஆண்டுகளில் பல இடங்களில் தாய்ப் பொசங்களின் பைகளில் குட்டிகள் பால் இன்றி மடிந்து கிடந்தன. 2020 தொடக்கத்தின் காட்டுத்தீ கோசியஸ்கோவின் வடபகுதியைச் சுட்டெரித்தபோது, பூச்சியின் சத்துக்கு ஈடாகச் செய்த "பொகாங் பிஸ்கோத்து" என்னும் உணவையும் தண்ணீரையும் கற்குவியல்களில் வைத்தார்கள். 2021-இல் பொகாங் பூச்சியே அருகிய இனப் பட்டியலில் சேர்க்கப்பட்டது. குகன் அண்ணா கூரை வேய்ந்தாற்போல் கண்டது நல்ல ஆண்டாக இருந்திருக்கும்.

விளக்கில் விழும் விட்டில் என்பது நமக்குப் பழமொழி. அவர்களுக்கு மலைப் பாதுகாப்புச் சிக்கல். கான்பெராவின் நாடாளுமன்றக் கட்டட விளக்குகள் இந்தப் பூச்சிகளைத் திசைதிருப்பி இழுப்பது பெயர்பெற்றது. செப்டம்பர், அக்டோபரில் தேவையற்ற வெளி விளக்குகளை அணைக்கச் சொல்லி விக்டோரியா உயிர்க்காட்சிசாலைகள் அமைப்பு ஆண்டுதோறும் மக்களைக் கேட்டுக்கொள்கிறது.

கூழாங்கல் எழுதியது:

மூன்றாம் கேள்வியை யாரும் தொடவில்லை. புதைபடிவம் என் துறை என்பதால் நான் எடுத்துக்கொள்கிறேன். நியூ சவுத் வேல்ஸ் பல்கலைக்கழகத்தின் புதைபடிவ அறிஞர் மைக்கேல் ஆர்ச்சரும் அவருடைய குழுவினரும் முன்வைக்கும் வாதம் இது. குயின்ஸ்லாந்தின் ரிவர்ஸ்லே என்னும் இடத்துப் புதைபடிவப் படிவுகளில் பர்ராமிஸ் இனத்தின் பழைய உறவுகள் கிடைத்துள்ளன. இரண்டரைக் கோடி ஆண்டுகளாக அந்தக் கால்வழி வாழ்ந்தது தாழ்நில மழைக்காடுகளில். விக்டோரியாவின் ஹாமில்டன் படிவும் மழைக்காட்டையே காட்டுகிறது. மலையில் வாழ்வது இதன் இயல்பு என்பதைவிட, காலநிலை மாறி மழைக்காடு சுருங்கியபோது தற்செயலாக ஒதுங்கிய இடம் என்பதே பொருந்தும். பனி மறைந்துகொண்டிருக்கும் மலையில் வைத்து இதை இழப்பதைவிட, நியூ சவுத் வேல்ஸின் லித்கோ நகருக்கு அருகே சீக்ரட் கிரீக் சரணாலயத்தில் வளர்த்து, தாழ்வான ஈரக் காட்டுக்குப் படிப்படியாகப் பழக்கலாம் என்கிறார்கள். எனக்கு இது நியாயமாகவே படுகிறது.

இரவாடி எழுதியது:

பல் சொல்வதை உடலியங்கியலும் சொல்கிறதா என்பதே என் தயக்கம், கூழாங்கல் அவர்களே. தாடை ஒத்திருக்கலாம், 2 பாகைக்கு உடலைக் குளிர்விக்கும் ஆற்றல் அந்தப் பழைய விலங்குக்கு இருந்ததா என்று கல்லில் எழுதியிருக்காது. புரூம் எலும்பெடுத்த வொம்பியன் தாழ்வான இடம்தான். ஆனால் அந்த எலும்புகள் பனியூழிக் காலத்தவை, அப்போது அங்கேயே குளிர் மிகுதி. அதாவது, இந்த இனம் குளிரைத் தேடித்தான் இறங்கியது, பின் குளிரைத் தொடர்ந்தே ஏறியது என்றும் வாசிக்கலாம். வெப்பத்தை இவற்றால் அதிகம் தாங்க முடிவதில்லை என்பதையும் மறக்கக் கூடாது. தாழ்நிலத்தில் நரியும் பூனையும் இன்னும் அதிகம்.

கூழாங்கல் எழுதியது:

பனியூழி பற்றிய மறுப்பை ஏற்கிறேன். ஆனால் 2010-இல் கோசியஸ்கோவின் வடக்கே, 1,200 மீட்டர் அளவிலான தாழ்ந்த பள்ளத்தாக்குக் கற்குவியல்களில் இவை கண்டுபிடிக்கப்பட்டதை எப்படி விளக்குவீர்கள்? பனிப் போர்வை நீடிக்காத, பொகாங் பூச்சியும் குறைந்த இடம் அது. விலங்கு நாம் போட்ட எல்லைக்கோட்டை மதிக்கவில்லையே.

இரவாடி எழுதியது:

அந்தச் சான்று வலுவானது, மறுக்கவில்லை. அதுவும் மழைக்காடன்று, கற்குவியல் என்பதை மட்டும் குறித்து வைக்கிறேன். பனி இல்லாமல் வாழலாம் என்று அது காட்டுகிறது; பாறை இடுக்கு இல்லாமல் வாழலாம் என்று காட்டவில்லை. சரணாலயத்தில் வளர்ப்பதற்கு நான் எதிரியல்லன். மலையைக் கைவிட அது சாக்காகிவிடக் கூடாது என்பதே கவலை.

நொச்சி எழுதியது:

இந்த விவாதத்தைச் சிறுவர்களுக்கு ஏற்ற அளவில் ஒரு பத்தியாகச் சேர்த்துவிட்டேன். அறிஞர்கள் ஒத்துப்போகாத இடமும் இருக்கிறது என்பது பிள்ளைகளுக்குத் தெரியட்டும். ஓவியருக்கு மட்டும் குறிப்பு தேவைப்படுகிறது. நேரில் பார்த்தவர்கள் உதவ முடியுமா?

மெல்பேர்ண் குகன் எழுதியது:

காட்டில் பார்த்ததில்லை, விலங்குப் பூங்கா ஒன்றின் இரவு விலங்குக் கூடத்தில், மங்கிய சிவப்பொளியில் அரை மணி நேரம் நின்று பார்த்தேன். முதுகு சாம்பல் கலந்த பழுப்பு, வயிறு வெளிர்நிறம், பெரிய கருவிழிகளைச் சுற்றிக் கரிய வளையம். புழுவை முன்னங்கைகள் இரண்டாலும் பிடித்து, நாம் சோளக்கதிர் தின்பதுபோல் திருப்பித் திருப்பித் தின்றது. வாலின் அடிப்பகுதியில் மட்டும்தான் அடர்ந்த மயிர். மீதி கயிறுபோல் மெல்லியது, கிளையைச் சுற்றிப் பிடிக்கும். உறங்கும் நிலையில் வரைவதானால் மூக்கை வயிற்றுக்குள் புதைத்து, காதுகளை மடித்து, வாலைச் சுருட்டிப் பந்தாக வரையச் சொல்லுங்கள்.

பொன்வண்டு எழுதியது:

பூச்சியை வண்ணத்துப்பூச்சி போலப் பளிச்சென்று தீட்டிவிட வேண்டாம் என்றும் ஓவியரிடம் சொல்லுங்கள். கரும்பழுப்பு நிறம், விரித்த சிறகு ஏறத்தாழ 4 முதல் 5 செ.மீ. முன்சிறகு ஒவ்வொன்றிலும் கரிய அம்பு போன்ற ஒரு கோடு ஓடும்; அதை இடைமறித்து இரண்டு வெளிர் புள்ளிகள் இருக்கும்.